வழுக்கலாண்டித் தகடு

ஆய்வுக்கூடக் குழாய் வாயில் ஒரு நீர்த்துளி தொங்கியது. கீழே டெஃப்லான் தகடு சாய்ந்து கிடந்தது. துளியின் அக்காமார் எல்லாரும் அதில் வழுக்கிக் கழிவுத்தொட்டிக்குப் போய்விட்டார்கள்.

“அண்ணே, எனக்காவது இடம் கொடுங்களேன்” என்று தகட்டிடம் கெஞ்சியது துளி.

“போடி உருண்டை! என் மேனி பூரா ஃப்ளோரின் காவல். ஒரு பயல் ஒட்ட முடியாது.”

அன்றைக்கே ஆய்வுக்கூடத்தார் தகட்டைக் கொண்டுபோய் அதன்மேல் மின்னேறிய அணுக்களாலான அயனிக்கற்றையைப் பாய்ச்சினார்கள். காவல்காரர்கள் தெறித்து ஓடினார்கள். காலியான இடங்களில் ஆக்சிஜன் குடியேறியது. அதற்குத் தண்ணீர் என்றால் உயிர்.

தகடு பழைய இடத்துக்குத் திரும்பியது. துளிக்குப் பிடி நழுவியது. தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டு விழுந்தது. வழுக்கவில்லை! பரவியது, படர்ந்தது, கூச்சம் தாங்காமல் கெக்கெக்கே என்று சிரித்தது.

“ஐயோ அண்ணே, என் உருண்டையைக் காணோம்! விடுங்க, தேடிட்டு வரேன்.”

“தேட வேணாம், இரு தாயி. நீ போயிட்டா நான் காய்ஞ்சிடுவேன்” என்றது தகடு.