கடைசிப் பெயர்

“அந்த மெலிசா மட்டும் என் கண்ணுல பட்டா, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்ருவேன்!” என்றபடி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தான் ஆல்வின்.

தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்த பொன்மணியின் கை நின்றது. “எந்த மெலிசா?”

“பொம்பளை பேரைச் சொன்னதும் மூஞ்சி மாறுதே! பயப்படாத ஏட்டி, கிளவுட் கம்பெனிக்காரி. காலையில நம்ம அக்கவுண்ட்டை மூடிட்டா. அம்புட்டும் போச்சு.”

ராஜபாளையத்தில் ஆறு பேண்டேஜ் துணி ஆலைகள் ஆல்வின் எழுதிய சாஃப்ட்வேரை நம்பி ஓடின. எந்த நூல், எந்தத் தறி, என்றைக்கு வெளுத்த துணி என்ற விவரமெல்லாம் அதில் இருந்தது. அந்த விவரச் சீட்டு அச்சாகி வராமல் ஒரு பெட்டிகூட ஆலை வாசலைத் தாண்ட முடியாது. ஆனால் அந்த விவரம் இருந்த இடம் ராஜபாளையமும் இல்லை, அவன் குடியிருந்த ஸ்ரீவில்லிபுத்தூரும் இல்லை. கடல் தாண்டி ஏதோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் அது பத்திரமாக இருந்தது.

ஆல்வின் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தட்டின் முன் உட்காரவும் ஃபோன் அடித்தது. ஆலைக்காரர் கண்ணுச்சாமி. ஸ்பீக்கரில் போடாமலே அவர் குரல் அடுப்படி வரை கேட்டது.

“ஏலே ஆல்வின், லோடு ஏத்தியாச்சு. லாரிக்காரன் அய்யனார் கோவில் அருவிக்கு வந்தவன் மாதிரி கால் நீட்டிப் படுத்துக் கிடக்கான். சாயங்காலத்துக்குள்ள கிளம்பலைன்னா தூத்துக்குடியில கப்பல் போயிரும். சீட்டு வருமா, வராதா?”

“வந்துரும் அண்ணாச்சி.”

“என் துணி விவரத்தை நான் யார்ட்டப்பா கேட்டு வாங்கணும்? இன்னைக்கு வரலைன்னா உன் சாஃப்ட்வேரும் வேண்டாம், நீயும் வேண்டாம்.”

ஆல்வின் ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். “இவரு போனா மத்த அஞ்சு பேரும் பின்னாலயே போயிருவாங்க. பொறவு கடையைச் சாத்த வேண்டியதுதான்.”

“பேக்கப்பு எடுத்து வச்சிருப்பீங்கள்ல?”

“வச்சிருக்கேன். அதுவும் அங்கனதான் இருக்கு.”

ஆலையிலேயே ஒரு மெஷினை வைத்து எல்லாவற்றையும் அதில் போடலாமே என்று கண்ணுச்சாமி ஆரம்பத்திலேயே கேட்டவர்தான். பஞ்சுத் தூசியும் கரண்டு கட்டும் சேர்ந்து அதை ஒரு வழி பண்ணிவிடும், வெளிநாட்டில் இருந்தால்தான் பத்திரம் என்று அடித்துச் சொன்னவன் ஆல்வின்.

“எதுக்கு மூடினாங்களாம்?”

“பேரு பொருந்தலையாம். அக்கவுண்ட் தொடங்கும்போது ‘கடைசிப் பெயர்’னு ஒரு கட்டம் கேட்டான். நமக்கு ஏது கடைசிப் பேரு? இனிஷியல் ‘டி’ன்னு போட்டேன். இப்ப வந்த புது கார்டுல பேங்க்காரன் அப்பா பேரை முழுசா தவசிமுத்துன்னு அடிச்சுட்டான். ரெண்டும் வேற வேற ஆளாம். நான் அடுத்தவன் கார்டைப் போட்ட திருடனாம்!”

“விளக்கம் எழுதிப் போட வேண்டியதுதான?”

“உடனே போட்டேன். உடனே பதிலும் வந்துருச்சு. கேளு: ‘கவனமாகப் பரிசீலித்தோம். முடிவில் மாற்றமில்லை. அன்புடன், மெலிசா.’ அன்பைப் பாரு அன்பை! நம்ம ஊர்ப் பிள்ளை ஒருத்தி பார்த்திருந்தா, இனிஷியல்னா அப்பா பேருன்னு பட்டுன்னு புரிஞ்சிருக்கும். இவ எங்கயோ பனியில உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டே பட்டனை அமுக்கியிருப்பா.”

பொன்மணி ஊற்றிய ரசம் தட்டைத் தாண்டித் தரையில் ஓடியது. துடைக்கக் குனிந்தவள் நிமிர நேரமானது.

“அவளும் சம்பளத்துக்கு வேலை பாக்குறவதான. சட்டம் போடுறது அவளா?”

“நீ எதுக்கு அவளுக்கு வக்காலத்து வாங்குத?”

“வாங்கலை. விளக்கம் போட்டப்போ, காரணம்னு கேட்ட இடத்துல எதை அமுக்கினீங்க?”

“‘மற்றவை’.”

“அந்தப் பட்டியலைக் கீழ வரைக்கும் தள்ளிப் பாத்தீங்களா?”

எச்சில் படாத இடது கையால் தள்ளிப் பார்த்தான். ஆகக் கடைசியில், ‘உள்ளூர்ப் பெயர் வழக்கம்’ என்று ஒன்று இருந்தது. ஆல்வினுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சாஃப்ட்வேர் எழுதுகிறவன், ஒரு பட்டியலை முழுக்கப் பார்க்கவில்லை.

“அதைப் போட்டு, பான் கார்டையும் ஏத்தி இப்பவே அனுப்புங்க. எனக்கு இடைவேளை முடியப் போகுது.”

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே டேட்டா சரிபார்க்கும் வேலை பொன்மணிக்கு. வேலையைப் பற்றிப் புருஷனிடம்கூடப் பேசக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். யாருக்காகச் சரிபார்க்கிறோம் என்று அவளுக்கும் இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஆல்வின் அனுப்பிவிட்டு நிமிர்ந்தான். உள்ளறைக்குப் போகிறவளைக் கூப்பிட்டான். கோபமெல்லாம் போய், அவன் குரலில் பயம் மட்டும் மிச்சம் இருந்தது.

“ஏட்டி, அந்த மெலிசா இந்தத் தடவையாவது கண்ணைத் திறந்து பார்ப்பாளா?”

“பார்ப்பா” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள் பொன்மணி.

லேப்டாப்பைத் திறந்ததும் திரையில் எழுத்து வந்தது: ‘நல்வரவு, மெலிசா. காலையில் நீங்கள் நிராகரித்த ஒரு கோப்பு, மறுபரிசீலனைக்காக உங்களிடமே திரும்பி வந்திருக்கிறது.’ பெயர் இருக்க வேண்டிய இடத்தில், காலையில் பார்த்தபோது இருந்ததைப் போலவே, எழுத்தை மறைத்துக்கொண்டு வெறும் நட்சத்திரக் குறிகள்.