ஒரே கோப்பையில் எட்டு சக்கரங்கள்

தராசில் கோப்பை, கோப்பையில் பிசின், கையில் ஹார்டனர் புட்டி. அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது.

போனில் வெல்டர். கூண்டுக்குள் ரோபோக்களை மோதவிடும் பொழுதுபோக்குப் போட்டியில், ரோபோ சக்கரம் வார்த்து விற்கும் இந்தச் சக்கரக்காரருக்குத் துணையாள் அவன்தான். இவருடைய ரோபோ ‘ஆமை’யைத் தூக்கிவருவதும், அதில் புகை வந்தால் ஊதி அணைப்பதும் அவன் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை முதல் சுற்றில் ஆமைக்கு எதிரி ‘குளவி’ என்று அட்டவணை வந்துவிட்டது. அந்தக் குளவிக்கே இவர் நான்கு சக்கரம் வார்த்துக் கொடுக்கப் போகிற செய்தியும் அவன் காதுக்கு எட்டிவிட்டது.

“அண்ணே, சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறீங்களே! ஹார்டனர்ல ரெண்டு சொட்டு கொறைச்சிடுங்க, எவனுக்குத் தெரியப்போகுது?”

எல்லாருக்கும் அவர் அண்ணன்தான்.

வெல்டர் சொன்னதில் பொய்யில்லை. பிசினும் ஹார்டனரும் எடை பிசகாமல் சேர்ந்தால்தான் பாலியூரித்தேன் ரப்பராக இறுகும். குறைத்தால் பார்வைக்கு லட்சணமாகத்தான் இருக்கும். முதல் இடியிலேயே சக்கரத்தின் நடுவட்டை விட்டு உரிந்து வந்துவிடும்.

“எனக்குத் தெரியும்டா. போனை வை, ஊத்தணும்.”

ஹார்டனரைச் சொட்டுக் குறையாமல் சேர்த்துக் கலக்கினார். முட்டை வேகவைக்க வாங்கிய சின்னக் கடிகாரத்தில் நான்கு நிமிடம் வைத்தார். அதற்குள் ஊற்றி முடிக்க வேண்டும். தாமதித்தால் தேனாக இருப்பது பாகாகி, கோப்பையிலேயே இறுகிவிடும்.

ஒரு காலத்தில் நேரம் சொல்லப் பக்கத்தில் ஆள் இருந்தது. காதருகே நின்று விநாடி விநாடியாகக் கத்தி உயிரை வாங்கும் ஆள். இப்போது கடிகாரம் மட்டும்தான், அது மரியாதையாக டிக் டிக் என்கிறது.

மேஜையில் எட்டு அச்சுகள். இடது வரிசை குளவிக்கு, வலது வரிசை ஆமைக்கு.

குளவி கேட்டிருந்தது சாதாரணக் கெட்டி ரகம். விற்பனைக்கு இருப்பது அது ஒன்றுதான். நகம் பதிந்து மீள்கிற, இரும்புத் தரையை அட்டைபோல் கவ்வுகிற மென்மையான ரகம் ஒன்று உண்டு. அதை ஆமைக்கு மட்டும் வார்ப்பார். தலைகீழாக நின்று கேட்டவர்களுக்கும் கொடுத்ததில்லை.

இன்று கலந்திருப்பது அதைத்தான். எட்டுக்கும் ஒரே கோப்பை.

போன வருடம் இதே குளவி ஆமையோடு மோதக் கெட்டிச் சக்கரத்தோடு வந்தது. வேகமாகத் திரும்பும்போது வழுக்கி, சுவரில் மோதி, குப்புற விழுந்தது. நாற்பதே விநாடி. குளவிக்காரன் அதை அள்ளிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனான். ஜெயித்தவருக்கு அன்று இரண்டு வாய் சோறு இறங்கவில்லை.

இந்தத் தடவை ஆட்டத்தின் மூன்று நிமிடமும் இரண்டும் முழுதாக ஓட வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பாதியில் ஒன்று விழுந்துவிட்டால் அவரவர் ரோபோவைத் தூக்கிக்கொண்டு அவரவர் வாசல் வழியாகப் போய்விடலாம். மணி அடிக்கும்வரை இரண்டும் ஓடினால் அப்படிப் போக முடியாது. நடுவர்கள் கூடிப் பேசித் தீர்ப்புச் சொல்லும்வரை இருவரும் கூண்டுக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். தீர்ப்பு வந்ததும் கை கொடுக்க வேண்டும். ஆட்ட முறை அது.

மென்மையான சக்கரம் சீக்கிரம் தேயும். மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்காது. தாங்கவும் வேண்டாம்.

கோப்பையைச் சரித்து நூலாக ஊற்றினார். முதலில் வருவது குமிழில்லாமல் சுத்தமாக இறங்கும், கடைசியில் வருவது தடித்துத் தடுமாறும். அது தெரிந்தும் கை தானாக இடது வரிசைக்குத்தான் போனது. அவனுக்குப் போட்டுவிட்டுத் தனக்கு எடுத்துக்கொண்டே பழகிய கை.

எட்டாவது அச்சில் கடிகாரம் அலறியது. கோப்பையை வழித்துச் சுரண்டி ஒப்பேற்றினார். இரண்டு குமிழ்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. ஆமையின் பின்சக்கரம் அது. மூன்று நிமிடம் தாங்கிவிடு என்று அதைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

இந்த அச்சுகளும் குளவியின் கத்தியும் ஒரே மேஜையில் கிடந்த காலம் உண்டு. அப்போது இவருக்கும் குளவிக்காரனுக்கும் சேர்த்து ஒரே ரோபோ. ஒரு தோல்விக்குப் பிறகு, கத்தி சரியில்லை என்று இவரும் சக்கரம் சரியில்லை என்று அவனும் ஆரம்பித்தார்கள். வாய் வார்த்தை முற்றி, அச்சு இந்தப் பக்கம் கத்தி அந்தப் பக்கம் என்று பிரிந்தது. ஆறு வருடம். போன் எண்கள் அதேதான், யாரும் அடிப்பதில்லை.

போன வாரம் இணையத்தில் ஆர்டர் வந்தது. பெயர், குளவி. செய்தி எழுதும் கட்டம் காலி. மூன்று தடவை திறந்து பார்த்தார், காலிதான்.

சக்கரம் இறுக ஒரு நாள் ஆகும். சும்மா உட்கார முடியாமல் அட்டைப்பெட்டியை இழுத்துவைத்து முகவரி எழுதினார். கதவு எண், தெரு, அஞ்சல் எண் எல்லாம் ஆர்டரைப் பார்க்காமலே வந்தன. ஒன்றாம் வகுப்பிலிருந்து தன் நோட்டு அட்டைகளில் எழுதிப் பழகிய முகவரி அது.

அந்த வீட்டிலேயே தங்கிவிட்ட தம்பியின் நோட்டுகளிலும் அப்போது அவர்தான் எழுதிக் கொடுப்பார். அவன் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும்.