மூடாத கண்

ஜல்லி குவாரியில் காலையில் மேஸ்திரியின் போனில் முகத்தைக் காட்டினால்தான் வருகை ஏறும். அன்று எனக்கு மட்டும் ஏறவில்லை.

“ரெண்டு கண்ணையும் சிமிட்டு, அருள்தாஸு,” என்றார் மேஸ்திரி தாமோதரன். “போட்டோவக் காட்டி ஏமாத்தறாங்கன்னு ஆப்புல இத்தப் புதுசா சேத்துக்கீறாங்க. என் போன்ல அதுவே மாறிக்கிச்சு.”

என் மகள் பிறப்பதற்கு முன்பே ஒருமுறை கல் தெறித்ததிலிருந்து என் இடது கண் மூடாது. வலது கண் மட்டும் சிமிட்டியது.

“இன்னாபா, மேஸ்திரியப் பாத்துக் கண்ணடிக்கிற?” என்று பின்னால் சிரித்தார்கள்.

“மூஞ்சி ஏறலன்னா வேலை இல்ல. நாளைக்கும் இதே கதைதான். வூட்டுக்குப் போ,” என்றார் மேஸ்திரி.

எங்கள் ஊரான பெருநகருக்கு பஸ்ஸைப் பிடித்து வீடு திரும்பினேன். விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி அம்முலு கொதித்தாள்.

“எவன் அதச் செஞ்சவன்? அவன் வூடு வெளங்குமா? அவனப் பெத்தவங்க நல்லாருப்பாங்களா?”

உள்ளே கம்ப்யூட்டரில் இருந்த மகள் ஏஞ்சல் எழுந்து வந்து ஆப்பின் பெயரைக் கேட்டாள். சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

“வையாதம்மா. அந்தச் சிமிட்டற சோதனைய எழுதுனது நான்தான். யாரு வேணா எடுத்துக்கட்டும்னு நெட்டுல சும்மா போட்டு வெச்சேன். நான் மாத்துனா, அத எடுத்துக்கினவங்க ஆப்பு எல்லாத்துலயும் தானா ஏறிடும். ஆயிரம் மூஞ்சிய வெச்சுப் பாத்துட்டுதான் வுட்டேன்.”

அம்முலு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“என் கண்ண மறந்துட்டியா, கண்ணு?” என்றேன்.

“மறக்கல, நைனா. பொறந்ததுலேந்து பாத்துக்கினு கீறேன். அது ஒரு கொறைன்னே எனக்குத் தோணல.”