பஸ்ஸெல்லாம் சந்தனம்

“ஏய்யா, பொம்பள மூட்டையில கை வைக்கிறியே, ஒனக்கு அக்கா தங்கச்சி இல்லையா?”

கேரளத்து மறையூரிலிருந்து உடுமலைக்குப் போகிற பஸ்ஸில் அந்த அம்மாள் போட்ட சத்தத்தில், எல்லைச் செக்போஸ்ட் ஃபாரஸ்ட் கார்டு பிச்சைமணி கையை இழுத்துக்கொண்டான். கோபம் மட்டும் தணியவில்லை. பஸ்ஸுக்குள் கால் வைத்ததுமே சந்தன வாசம் மூக்கைத் துளைத்தது, அதுவும் இவள் காலடி மூட்டைப் பக்கமிருந்து.

போன வாரம்தான் ரேஞ்சர் நாலு பேர் முன்னால் அவனைக் கிழித்திருந்தார். இனி ஒரு துண்டு சந்தனக்கட்டை எல்லை தாண்டினாலும் காக்கிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானாம். எவனோ மரத்தை வெட்டித் தின்ன, பேச்சு வாங்குவது இவனா?

“மூட்டையப் பிரிங்கம்மா. சந்தனம் மணக்குது.”

“மணக்காம என்ன செய்யும்? மக வளைகாப்புக்கு சென்ட் வாங்கிட்டுப் போறேன். துணியெல்லாம் ஒழுகித் தொலைஞ்சிருச்சு.”

மடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அவன் மூஞ்சிக்கு நேரே ஆட்டினாள். கழுத்து வரை மஞ்சளாகத் தளும்பியது. ‘அசல் சந்தனம்’ என்று கொட்டை எழுத்தில் லேபிள்.

பிச்சைமணி அதை வாங்கித் திறக்கப் போனான்.

“மோந்து வேற பாக்கணுமாக்கும். பஸ்ஸே மணக்குதே, மூக்கு இருக்கா இல்லையா ஒனக்கு?”

பஸ் மொத்தமும் சிரித்தது. “வளைகாப்புச் சேலைய நடுரோட்டுல பிரிச்சுக் காட்டணுமோ? காக்கியப் போட்டா கண்ணு தெரியாது இவங்களுக்கு” என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் எகிறினார். டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார்.

“சென்ட்டுதான வேணும்? நீயே வச்சுக்க. ஒம் பொண்டாட்டிக்குக் குடு போ” என்று அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிச்சைமணிக்கு மானமே போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி, குறுக்கே கிடந்த மூங்கிலைத் தூக்கிவிட்டான். பஸ் வளைவு திரும்பித் தமிழ்நாட்டுக்குள் போய்ச் சேர்ந்தது.

“கருமம் பிடிச்ச வேலை” என்று பாட்டிலை மேஜைமேல் வீசினான். கூட வேலை பார்க்கும் சோலை அதை எடுத்தான். மூடி அசையவில்லை. பல்லால் கடித்துத் திருகி, மூக்கருகே கொண்டுபோனான்.

“அண்ணே, பேருதான் சந்தனம். இது சுத்தமா மல்லியப்பூ வாசந்தான் அடிக்குது.”