ஆறாவது வீரனின் முகம்

ஆறாவது வீரனின் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டிய பக்கத்துக்கு வந்துவிட்டாள் சத்யப்பிரியா.

காலையிலிருந்து டேப்லெட்டில் வரைந்துகொண்டிருக்கிறாள். சண்டை முடிந்தது. எதிரியின் விண்கலம் எரிந்து விழுந்தது. ஆறாவது வீரன் பனியில் மல்லாந்து கிடக்கிறான். மற்றவர்கள் அவனைச் சுற்றி மண்டியிட்டிருக்கிறார்கள். ஒருவன் கையில், கழற்றிய தலைக்கவசம்.

முகம் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

'கருங்கவசம்' என்ற வீடியோ கேமை வைத்து சென்னைக் கம்பெனி ஒன்று கொண்டுவரும் காமிக்ஸ் அது. சனிக்கோளின் நிலவில் இறங்கும் ஏழு கமாண்டோக்களின் கதை. யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். கேமில் ஒருவன்கூட இதுவரை கவசத்தைக் கழற்றியதில்லை. உள்ளே எப்படிப்பட்ட முகம் என்று விளையாடுகிறவர்கள் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“முகம் உங்க இஷ்டம் மேடம். பார்த்தா அழுகை வரணும், அவ்வளவுதான்” என்று கம்பெனிக்காரர் போனில் சொல்லியிருந்தார். சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும்.

அவர்கள் ஊரான சிக்கலில் அன்றைக்கு நல்ல வெக்கை. ஆனாலும் ஃபேனைப் போட முடியாது. அம்மா முருகம்மாள் அதே அறையில் சாக்கை விரித்து, குண்டு மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். காற்றடித்தால் நெடி கிளம்பிவிடும்.

மகளின் வேலையைப் பார்ப்பதாக அவள் காட்டிக்கொள்வதேயில்லை. கேட்பவர்களிடம் “பொம்மை போடுறா” என்று சொல்வதோடு சரி. இன்றைக்கு என்னவோ, சாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே வந்து மகளின் முழங்கால் அருகில் உட்கார்ந்துவிட்டாள்.

“இவன் நம்ம தம்பிதான?”

சத்யப்பிரியாவின் கை நின்றது.

முதல் இதழிலிருந்தே ஆறாவது வீரனுக்குத் தம்பி சேதுபதியின் நடையைத்தான் கொடுத்திருந்தாள். வலது தோள் கொஞ்சம் இறங்கிய நடை. கம்பெனிக்காரருக்கு அது தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

சேதுபதி பட்டாளத்தில் இருந்தான். இந்தக் கேமை அக்காவின் போனில் ஏற்றிக்கொடுத்தவனே அவன்தான். லீவில் வந்தால் இரண்டு பேரும் சோறு தண்ணி மறந்து விளையாடுவார்கள். எப்போதும் அவன் ஆறாவது வீரன், அவள் ஏழாவது. நிஜத் துப்பாக்கி பிடிக்கிறவனுக்கு இந்தப் பொய்ச் சண்டை எதற்கு என்று அம்மா திட்டுவாள். போன வருடத்துக்கு முந்தின வருடம், வடக்கே மலைப்பாதையில் அவன் போன வண்டி பள்ளத்தில் உருண்டது.

“ஆமாம்மா” என்றாள்.

“அப்ப மொகமும் அவனுதே போடு.”

அம்மா சொல்லச் சொல்ல வரைந்தாள். அய்யாவிடமிருந்து வந்த அடர்ந்த புருவம். காதோரத்து மச்சம். எவ்வளவு சாப்பிட்டாலும் சதை பிடிக்காத கன்னம். உதட்டோரத்தில், சிரிப்பை அடக்குகிறவனுக்கு வரும் சின்னச் சுழிப்பு. பனியில் படுத்துத் தூங்குகிறவனைப்போல இருந்தான் சேதுபதி. கம்பெனிக்காரர் நிச்சயம் அழுதுவிடுவார்.

முருகம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்ததும் கையை உயர்த்தியவள், மிளகாய்க் கை என்று நினைவு வந்து, தோள்பட்டையில் துடைத்துக்கொண்டாள்.

“இது அவன் லீவுக்கு வந்த மொகம் தாயி” என்றாள். “கடைசியா வந்த மொகம் இது இல்ல.”

சத்யப்பிரியா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

கொடி போர்த்திய பெட்டி மதுரைக்கு வந்து இறங்கியபோது, அடையாளம் சொல்ல வீட்டு ஆள் ஒருவர் உள்ளே வர வேண்டும் என்றார்கள். அய்யா இல்லாத வீடு. சத்யப்பிரியாதான் போனாள்.

வெளியே வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பெட்டியைத் திறக்கக் கூடாதாம், அது பட்டாளத்துச் சட்டமாம் என்று சொன்னாள். தானும் பார்க்கவில்லை, கையெழுத்து மட்டும்தான் வாங்கினார்கள் என்றாள்.

அப்படி ஒரு சட்டமும் கிடையாது. அந்த முகத்தை அம்மா பார்த்துவிடக் கூடாதென்று, ஊரில் வைத்துத் திறக்க வேண்டாம் என அதிகாரியிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதே அவள்தான்.

அம்மா சிக்கல் வந்து சேரும்வரை அந்தப் பெட்டியின் மேல் கன்னத்தை வைத்தபடியே வந்தாள்.

“ஒனக்கு எப்படிம்மா...”

“நீ வெளிய வந்தப்பவே ஒம் மொகத்தப் பாத்தேன்ல” என்றாள் முருகம்மாள். “இத்தன நாளா நீ ஒருத்தியாவே அவனப் பாத்துக்கிட்டிருக்க. எனக்கும் காட்டு தாயி.”

வெளியே மினிபஸ் ஒன்று பாட்டுச் சத்தத்தோடு கடந்து போனது.

சத்யப்பிரியா அந்தப் பக்கத்தைக் கம்பெனிக்கு அனுப்பினாள். பிறகு ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்தாள். எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“எடது பக்கம் ஒண்ணும் ஆகலம்மா. அப்படியேதான் இருந்தான்” என்று சொல்லி, அங்கிருந்து வரையத் தொடங்கினாள்.