பூர்ணிமா ஸ்டெப்

கைதட்டல் ஓயவில்லை. எனக்கு மேடையை விட்டு இறங்கத்தான் கால் வரவில்லை.

மூன்றாவது வரிசையில் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களை அழைக்கவே இல்லை. அழைத்தது என்னோடு ஆடும் அமலா. நல்லது செய்வதாக நினைத்து என் தலையில் கல்லைப் போட்டுவிட்டாள்.

ஜாதவ்பூரில் ஞாயிறுதோறும் நடக்கும், ஜாஸ் இசைக்கு ஆடும் ஸ்விங் நடன வகுப்பு எங்களுடையது. இன்று அதன் ஆண்டு விழா.

சேர்ந்த புதிதில் நான் ஆடியதெல்லாம் யூடியூப்தான். யாரோ ஒரு அமெரிக்கக்காரி கையை வீசினால் நானும் வீசுவேன். சொல்லிக்கொடுக்கும் தீபாஞ்சன் அண்ணனுக்கு, இங்கத்து வழக்கில் தீபாஞ்சன் தாவுக்கு, அது பிடிக்காது. ஜாஸ் ஆடுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நடை உண்டு, உன்னுடையதைக் கொண்டுவா என்று நச்சரித்துக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் வெறுத்துப்போய் ஒன்று செய்து காட்டினேன்.

முட்டி திடீரென்று மடங்கும். உடம்பு ஒரு பக்கமாகச் சரியும். விழுந்தேவிட்டாள் என்று நினைக்கும்போது எதுவுமே நடக்காதது போல் நிமிர்ந்து, காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்த அடி.

வகுப்பே கூச்சலிட்டது. 'பூர்ணிமா ஸ்டெப்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். எங்கே பிடித்தாய் என்று கேட்டதற்கு, தானாக வந்தது என்றேன். கூசாமல் சொன்னேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். இதை அப்பா பார்த்துவிடக் கூடாது.

இன்று திரைக்குப் பின்னாலிருந்து அவரைப் பார்த்ததும், வேறு எதையாவது ஆடிச் சமாளிக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் டிரம்பெட் உச்சத்துக்கு ஏறியபோது கூட்டம் என் பெயரைச் சொல்லிக் கத்தியது. அந்த ஆசை யாரை விட்டது? ஆடிவிட்டேன்.

ஒருவழியாகக் கீழே இறங்கி வராண்டாவுக்கு வந்தேன்.

அம்மா முகத்தில் சிரிப்பில்லை. அப்பாவுக்கோ முகமெல்லாம் பல். கையில் சந்தேஷ் இனிப்புப் பெட்டி. முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம், ஆடியது என் மகள் என்று பெங்காலியில் பீற்றிக்கொண்டிருந்தார்.

"அந்த விழுற மாதிரி போயி விழாம எந்திரிக்கிற, பாரு, அதாம்மா டாப்பு. எனக்கும் சொல்லிக் குடு," என்றார்.

அவருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்?

சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் வேலை முடிந்து, மூக்குமுட்டக் குடித்துவிட்டு, பவானிபூரில் எங்கள் சந்துக்குள் அவர் நடந்து வந்த நடை அது. சந்து முழுக்க ஜன்னலில் நின்று பார்த்தது. அம்மாவும் நானும் கதவிடுக்கில் நின்று பார்த்தோம். பார்க்காத ஒரே ஆள் அவர்தான்.

குடியை விட்டு எத்தனையோ வருடமாகிறது. அதன் பிறகு அவர் அதைத் தொடவே இல்லை. நான்தான் அந்த நடையை எடுத்து, என் பெயரைப் போட்டு, மேடையேற்றிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அந்த நாட்களில் அவரை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். அப்போதுகூட இப்படிக் காது மடல் எரிந்ததில்லை.

நான் வாய் திறப்பதற்குள் அப்பா பெட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வராண்டா நடுவில் ஆடவே தொடங்கிவிட்டார்.

முட்டியை மடக்கினார். சாய்ந்து பார்த்தார். வரவில்லை. தோப்புக்கரணம் போடுவது போலத்தான் இருந்தது. தீபாஞ்சன் தா சிரித்துக்கொண்டே தாளம் போட்டார். அப்பா விடுவதாயில்லை. மறுபடி மடக்கினார், மறுபடி சாய்ந்தார், நேராகவே நின்றார்.

அம்மா என் பக்கம் திரும்பாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அவரு உடம்பே அத மறந்துடுச்சு. நீ ஏண்டி இன்னும் வெச்சிருக்க?"