காலையிலேயே வாங்க

மகள் லூர்துராணியின் வீங்கிய இடது காலை வியாகுலம்மாள் விடியும் முன்பிருந்தே தடவிக்கொண்டிருந்தாள். காலில் தேங்கிய நீரை மேலே ஏற்றிவிட்டால் கால் மெலியும். நிற்க நிற்க மறுபடி இறங்கி வீங்கிவிடும். பெண் பார்க்க வருகிறவர்கள் அதற்குள் பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும்.

நல்லவேளை, பொன்மலையிலிருந்து மாப்பிள்ளை சவரிநாதனும் அவன் தாய் அற்புதம்மாளும் சீக்கிரமே வந்தார்கள். அவன் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். லூர்துராணி காபி கொடுத்துவிட்டு நின்றாள்.

"பொண்ணைப் பிடிச்சிருக்குங்க. சட்டுனு பேசி முடிச்சிடலாம்," என்றாள் அற்புதம்மாள். "ஸ்ரீரங்கத்துல ஒரு விசேஷம், உடனே போகணும்."

"எங்களுக்கும் அதுதாங்க நல்லது," என்று வியாகுலம்மாள் வாய் தவறிச் சொன்னாள்.

ஆனால் கல்யாணம் பொன்மலைக் கோயிலிலா, பெண் வீட்டாரின் பாலக்கரைக் கோயிலிலா என்ற பேச்சு இழுத்துக்கொண்டே போனது. ஒருவழியாகக் கிளம்பும்போது சவரிநாதனின் வலது கால் பூட்ஸுக்குள் போக மறுத்தது.

"வெயில்ல பூட்ஸ் சுருங்கிடுச்சு," என்ற அற்புதம்மாள், முந்தானையால் மறைத்துக்கொண்டு மகனின் கணுக்காலைப் பதற்றத்தில் அழுத்திப் பிசைந்தாள்.

வியாகுலம்மாளால் பொறுக்க முடியவில்லை.

"ஐயோ, அப்படிப் பிசையாதீங்க! மொதல்ல தொடை இடுக்குல நீவி, நீர் ஏற வழி பண்ணிக்கணும். அப்புறம் பூனையைத் தடவுற மாதிரி மெதுவா, மேல் பக்கமா..."

அற்புதம்மாள் நிமிர்ந்தாள்.

"மிஷன் ஆஸ்பத்திரி சிஸ்டர் உங்களுக்கும் சொல்லிக் கொடுத்தாங்களா?"

அவள் பார்வை லூர்துராணியின் புடவைக் கரைக்கு இறங்கி, அங்கேயே நின்றது.

"அப்போ கல்யாணத்தை..." என்று இழுத்தாள்.

"எந்தக் கோயிலா இருந்தா என்னங்க சம்பந்தியம்மா," என்றாள் வியாகுலம்மாள். "விடியக்காலை முதல் பூசையிலேயே முடிச்சிடுவோம்."